பதினைந்து நாள் உருண்ட கற்கள்

1880ஆம் ஆண்டு வெளிவந்த பம்பாய் மாகாண கெஜட்டியரின் ஆறாம் தொகுதியில் காம்பே சமஸ்தானம் பற்றிய பகுதி ஒன்றுண்டு. நிலவரி, பயிர், வண்டல் படிந்து தூர்ந்துபோன துறைமுகம் என்று அரசாங்க எழுத்துக்கே உரிய வறட்சியுடன் நகரும் அப்பகுதியின் நடுவே, அவ்வூர்க் கல்வேலையைப் பற்றிச் சில பக்கங்கள் திடீரென்று உயிர்பெறுகின்றன. எழுதியவர் பட்டறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது வாசிக்கும்போதே தெரிகிறது. மணிகளுக்கு மெருகேற்றும் முறையை அவர் விவரிப்பது ஏறக்குறைய இப்படி: சில நூறு மணிகளைச் சுமார் இரண்டடி நீளமுள்ள தடித்த தோற்பைக்குள் போடுகிறார்கள். கூடவே குருந்தத் தூளும், கல்லைச் சாணை பிடிக்கும்போது உதிரும் மிக நுண்ணிய பொடியும். பையின் வாயை இறுகக் கட்டி, நடுவில் ஒரு தோல்வாரைச் சுற்றுகிறார்கள். அறையின் இரு கோடிகளிலும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இரண்டு பேர் வாரின் முனைகளைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி இழுக்கிறார்கள். பை உருண்டு போகிறது, உருண்டு வருகிறது. காய்ந்துவிடாமல் அவ்வப்போது நீர் தெளிக்கிறார்கள். பத்து நாளிலிருந்து பதினைந்து நாள் வரை இது நடக்கிறது.

இவ்வளவுதான். ஆனால் இந்தப் பத்தியை ஒருமுறை வாசித்தவர்களால் அந்த இரண்டு பேரை மறக்க முடியாது. அவர்களுடைய பெயர் இல்லை, கூலி இல்லை, அந்தப் பதினைந்து நாட்களில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் இல்லை.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கொட்டகைகளில் பொழுதுபோக்காகக் கல்லுக்கு மெருகேற்றுபவர்கள் பயன்படுத்தும் சிறு இயந்திரத்துக்கு ராக் டம்ளர் என்று பெயர். மோட்டாரால் சுழலும் ஓர் உருளை, உள்ளே கற்கள், தூள், நீர். காம்பேயின் தோற்பையும் அதுவும் அடிப்படையில் ஒன்றே. (நாம் காபி குடிக்கும் டம்ளருக்கும் இதற்கும் சொல்லளவில் உறவுண்டு. அடிப்பாகம் உருண்டையாகவோ கூராகவோ இருந்ததால் கீழே வைத்தால் உருண்டுவிடும் கோப்பைக்குத்தான் முதலில் அப்பெயர் வந்தது.) அந்த உருளையின் வரலாற்றைத் தேடிப்போனால் அது ஒரு தொழில்நுட்ப வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதல் உருளை ஆறுதான். கூழாங்கல் என்பது ஆறு செய்த மணி. காம்பேக்கு, அதாவது இன்றைய கம்பாத்துக்கு, கல் வந்ததும் ஆற்றின் வழியாகவே. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு ஆறியபோது, பாறைக்குள் சிக்கிய வாயுக்குமிழிகள் வெற்றிடங்களாக எஞ்சின. அவற்றுக்குள் சிலிக்கா கலந்த நீர் கசிந்து, மயிரிழை போன்ற அடுக்குகளாகப் படிந்து அகேட் கல்லாயிற்று. மழையும் வெயிலும் பாறையைத் தின்றபின் கடினமான அகேட் உருண்டைகள் மட்டும் எஞ்சி, நதிகளில் உருண்டு, சரளைப் படுகைகளில் புதைந்தன. நர்மதையின் கீழ்ப்பகுதியில், பரூச் மாவட்டத்து ரத்தன்பூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் அப்படிப்பட்ட படுகைகளைத் தோண்டியே கல் எடுக்கிறார்கள். தோண்டுபவர்கள் பெரும்பாலும் பில் பழங்குடிகள். அதே நர்மதையின் மேற்பகுதியில் கிடைக்கும் வழவழப்பான நீள்கோளக் கற்களே பாணலிங்கங்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை பகாவான் போன்ற கரையோரச் சிற்றூர்களில் கையால் வடித்து மெருகேற்றப்படுபவை என்றாலும், வடிவம் ஆற்றிடமிருந்து கற்றதுதான். ஒரே நதி ஓரிடத்தில் வழிபாட்டுக்கும் இன்னோரிடத்தில் வணிகத்துக்கும் கல்லை உருட்டித் தந்திருக்கிறது.

ரத்தன்பூர்க் குன்றின்மேல் பாவா கோர் என்ற பீரின் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று நம்பப்படும் இவரே அகேட் தொழிலின் காவலர். ஆப்பிரிக்க வழிவந்த சித்திகளுக்கு அது தலையாய புனிதத்தலம். போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா 1516ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், ரத்தன்பூருக்கு அருகிலுள்ள லிமோத்ராவைக் குறிப்பிட்டு, அங்கே கிடைக்கும் ஒருவகைக் கல்லின் பெயரைப் பாபகோரே என்று எழுதுகிறார். பீரின் பெயர் கல்லுக்கு வந்ததா, கல்லின் பெயர் பீருக்குப் போனதா என்று தர்க்கம் செய்யலாம். எப்படியாயினும் ஆப்பிரிக்கா இந்தக் கதையில் நுழைவது வாங்குபவனாக மட்டும் அல்ல, புனிதனாகவும்கூட என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பாத்து மணிகளின் மிகப்பெரிய சந்தையாக நெடுங்காலம் இருந்தது கிழக்கு ஆப்பிரிக்காவும் அரேபியாவும்தான். சூடானில் பணியாற்றிய தொல்லியலாளர் ஏ. ஜே. ஆர்க்கெல், அங்கே மக்கள் அணிந்திருந்த சூதுபவள மணிகளின் மூலத்தைத் தேடி 1936இல் 'ஆன்டிக்விட்டி' இதழில் எழுதிய கட்டுரை நேரே கம்பாத்தில் வந்து முடிகிறது.

இந்த வணிகம் இடைக்காலத்தில் தொடங்கியதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டின் செங்கடல் செலவு நூல், உஜ்ஜயினியிலிருந்து பரிகாசா துறைக்கு, அதாவது பரூச்சுக்கு, ஓனிக்ஸ் முதலிய கற்கள் வந்து கப்பலேறுவதைக் குறிப்பிடுகிறது. அதற்கும் முன்னால் இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கிப் போனால் சிந்துவெளி.

கல்லின் வேலை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோண்டி எடுத்த கல்லை முதலில் மாதக்கணக்கில் வெயிலில் காய வைக்கிறார்கள். பிறகு மண்பானைகளில் வைத்து வறட்டியோ மரத்தூளோ கொண்டு மெல்லிய சூட்டில் சுடுகிறார்கள். பழுப்பு மஞ்சளாக இருந்த கல் சிவந்துபோகிறது. கல்லுக்குள் இருக்கும் இரும்பின் சேர்மம் நீரை இழந்து ஹெமடைட்டாக மாறுவதால் வரும் சிவப்பு அது. அகேட்டின் இந்தச் சிவந்த உறவினனே சூதுபவளம். பிறகு, தரையில் சாய்வாக நட்ட கூரிய இரும்புக் கம்பியின்மேல் கல்லைப் பொருத்தி, எருமைக்கொம்பால் ஆன சுத்தியால் தட்டித் தட்டிச் சில்லு பெயர்க்கிறார்கள். சுத்தி ஒருபுறம் அடிக்க, சில்லு பெயர்வது மறுபுறம், கம்பி தொடும் இடத்தில். பிரெஞ்சு ஆய்வாளர் வாலண்டைன் ரூவும் அவருடைய குழுவினரும் சுத்தியின் முடுக்கத்தைக் கருவி கொண்டு அளந்து 1995இல் எழுதிய கட்டுரை, நீண்ட மணியைத் தட்டி வடிக்கும் திறமை பல ஆண்டுப் பயிற்சியில் மட்டுமே வருவது என்று காட்டியது. அதன்பின் சாணை, துளை, மெருகு.

இந்த வரிசையில் தோற்பைக்கு மட்டும் திறமை தேவையில்லை. தேவை நேரம். ஒரு மணியைத் தனியாகப் பலகையில் தேய்த்து மெருகேற்ற ஒரு கைவினைஞன் வேண்டும். நூற்றுக்கணக்கான மணிகளைப் பையில் போட்டு இழுக்க யாரானாலும் போதும். விலைமதிப்புள்ள பெரிய கற்கள் தனித்தனியாக மெருகேறின, ஆப்பிரிக்கச் சந்தைக்கு ஆயிரக்கணக்கில் போகவேண்டிய சிறுமணிகள் பைக்குள் போயின. பண்டம் பெருந்தொகையாக வேண்டப்படும்போதுதான் இப்படிப்பட்ட ஏற்பாடு பிறக்கும். அந்தவகையில் தோற்பை, ஆலைக்கு முந்தைய ஓர் ஆலை.

பைக்குள் என்னதான் நிகழ்கிறது? கல்லைக் கல் தேய்ப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் தேய்ப்பது இடையில் சிக்கும் தூள். அகேட்டும் சூதுபவளமும் குவார்ட்ஸ் இனத்தவை. ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் குவார்ட்ஸுக்கு 7ஆம் இடம், குருந்தத்துக்கு 9ஆம் இடம். கடினமான குருந்தத் துகள் ஒவ்வொன்றும் கல்லின் மேற்பரப்பில் ஒரு நுண்ணிய கீறலை இடுகிறது. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது மேடுகள் தணிகின்றன. நாள் செல்லச்செல்லத் துகளும் உடைந்து நுணுகுகிறது, கீறலும் நுணுகுகிறது. கீறல் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகும்போது கண்ணுக்குத் தெரிவது பளபளப்பு மட்டுமே. பழைய தூளை முற்றிலும் கழுவிவிடாமல், சாணையில் உதிர்ந்த நுண்பொடியையும் சேர்த்துப் போட்ட கம்பாத்துக்காரர்களின் வழக்கம் இந்த இயற்பியலை நன்கு அறிந்த கைகளின் வழக்கம்.

குருந்தம் என்ற சொல்லில் சற்று நிற்கவேண்டும். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று உலகம் முழுவதும் வழங்கும் கனிமப்பெயர் நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான். சமஸ்கிருதத்தில் அதன் உறவுச்சொல் குருவிந்தம். சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியக் குருந்தக்கல் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இந்தியக் கல்வேலைக்காரர்கள் குருந்தப்பொடியை உருக்கிய அரக்கில் குழைத்துச் சாணைச்சக்கரம் வார்த்தார்கள். ஐரோப்பியர் அதைக் கண்டு வியந்தனர். மாணிக்கமும் நீலமும்கூடக் குருந்தமே. நிறம் கலந்து தெளிந்தால் அரசனின் முடியில் ஏறும், கலங்கிக் கிடந்தால் சாணைக்காரனின் அரக்கில் குழையும்.

தமிழகத்தில் இந்த இரண்டு கற்களும் சந்தித்த இடம் கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள இவ்வூரில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. பேராசிரியர் கா. ராஜன் அவ்வாய்வுகளை முன்னின்று நடத்தியவர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று சுட்டும் ஊர் இதுவே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. இருவருமே அதை அணிகலனோடு சேர்த்தே சொல்கிறார்கள். மண்ணுக்கடியில் கிடைத்தவையும் அதற்குச் சாட்சி: வேலை முடிந்த மணிகள், முடியாத மணிகள், கழித்துப்போட்ட சில்லுகள். பச்சைக்கல் அருகிலுள்ள படியூரிலிருந்தும், நீலக்கல் சிவன்மலைப் பகுதியிலிருந்தும், பளிங்கு வெங்கமேட்டிலிருந்தும் வந்திருக்கவேண்டும். ஆனால் ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான கல் கொங்குநாட்டில் இல்லை. அது குஜராத்திலிருந்து வந்தது என்பதே ஆய்வாளர் கருத்து. இரண்டாயிரத்துச் சொச்சம் மணிகளை ஒவ்வொன்றாகவா மெருகேற்றினார்கள்? தேய்க்கும் பொருளான குருந்தம் கொடுமணல்காரர்களின் கையெட்டும் தூரத்தில் கிடைத்தது. நொய்யல் கரையிலும் ஒரு தோற்பை உருண்டிருக்கலாம் என்று ஊகிக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஊகம் ஊகமே. தோல் மண்ணில் மக்கிவிடும், வார் மக்கிவிடும், இழுத்த கைகளும் மக்கிவிடும். தோற்பையின் வரலாற்றை எழுதுவதில் உள்ள இடர் இதுதான். அது சுவடு விடாத கருவி.

சுவடு மணியில்தான் இருக்கவேண்டும். சிந்துவெளி பற்றிய விவாதமும் இங்கேதான் வந்து நிற்கிறது. 1935-36இல் சன்ஹுதாரோவை அகழ்ந்த எர்னஸ்ட் மக்கே, அங்கே மணிப்பட்டறைகளைக் கண்டார். அரைகுறையாக நின்றுபோன மணிகளோடு கல்லால் ஆன துளைப்பான்களும் கிடைத்தன. ஜொனாதன் மார்க் கெனோயரும் மாசிமோ விதாலேயும் பிற்பாடு அத்துளைப்பான் கல்லுக்கு மக்கேயின் நினைவாக எர்னஸ்டைட் என்று பெயரிட்டார்கள். அதைக் கொண்டு துளையிட்டுப் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் இறங்கியது. கராச்சிக்கு அருகே அல்லாதினோவில், ஒரு சிறு பானைக்குள் 36 நீண்ட சூதுபவள மணிகளால் ஆன இடுப்பணி ஒன்று கிடைத்தது. அதைச் செய்ய 480க்கும் மேற்பட்ட வேலைநாட்கள் ஆகியிருக்கும் என்பது கெனோயரின் கணக்கு.

இந்தக் கணக்குகளெல்லாம் எங்கிருந்து வந்தன? கம்பாத்திலிருந்து. கெனோயர், விதாலே, பரோடா பல்கலைக்கழகத்தின் குல்தீப் பான் ஆகிய மூவரும் 1980களின் இறுதியில் கம்பாத்தின் பட்டறைகளில் மாதக்கணக்கில் அமர்ந்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தார்கள், கழிவுகளை எடைபோட்டார்கள், எந்தச் சில்லு எந்த மூலையில் விழுகிறது என்று வரைந்தார்கள். 1991இல் அவர்களுடைய கட்டுரை 'வேர்ல்ட் ஆர்க்கியாலஜி' இதழில் வந்தது. உயிரோடிருக்கும் கைவினைஞனின் கையைப் பார்த்து நாலாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய கையை அறிவது என்பது கவர்ச்சியான வழி. அபாயமானதும்கூட. இன்றைய கம்பாத்துக்காரர் துளைப்பது வைரமுனை கொண்டு, சிந்துவெளிக்காரர் துளைத்தது கல்முனை கொண்டு. மெருகிலும் அப்படியொரு வேறுபாடு இருந்திருக்க இடமுண்டு.

பையிலோ உருளையிலோ உருண்ட மணி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் விளிம்புகள் மழுங்கியிருக்கும். பள்ளங்களுக்குள்ளும் துளையின் வாயோரத்திலும்கூட மெருகு நுழைந்திருக்கும். மேற்பரப்பின் கீறல்களுக்குத் திசை இராது. கையால் தேய்த்த மணியில் பட்டைகளின் விளிம்பு கூர்மையாக நிற்கும், உருப்பெருக்கியில் ஒருதிசைக் கோடுகள் தெரியும், பள்ளம் மெருகேறாமல் மங்கிக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் விரலைவிட ஒல்லியான உடலும் கொண்ட சிந்துவெளி நெடுமணிகளை ஒன்றோடொன்று மோதும்படி பையில் போட்டிருந்தால் பாதி ஒடிந்திருக்கும். அவை கையால் தேய்க்கப்பட்டவை என்றுதான் கொள்ளவேண்டும். சிறுமணிகளைப் பொறுத்தமட்டில் கதவு திறந்தே இருக்கிறது. சிந்துவெளியின் மேட்டுக்குடிக்கு நெடுமணியும் பிறருக்குச் சிறுமணியும் என்றால், தேய்த்த கை எந்த வகுப்பாருக்காக, இழுத்த கை எந்த வகுப்பாருக்காக என்ற கேள்வியும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஐரோப்பாவின் கம்பாத் என்று ஜெர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைனைச் சொல்லலாம். நாஹே ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள இந்த ஊரில் ஓடைநீரால் சுழலும் ஆளுயர மணற்கல் சக்கரங்களில் அகேட் தேய்த்தார்கள். தேய்ப்பவர் சாய்வான மரமுக்காலி ஒன்றின்மேல் குப்புறப் படுத்து, காலை உதைத்துக்கொண்டு, உடலின் முழு எடையாலும் கல்லைச் சக்கரத்தில் அழுத்துவார். உள்ளூர்க் கல் தீர்ந்துவந்த காலத்தில், பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த இவ்வூர்க்காரர்கள் அங்கே அகேட் குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். 1834 முதல் அது கப்பலில் வந்திறங்கியது. பிறகு அவர்கள் செய்த காரியம் சுவாரசியமானது. கம்பாத்து மணிகளின் வடிவத்தை அப்படியே நகலெடுத்து, பிரேசில் கல்லில், ஜெர்மன் சக்கரத்தில், ஆப்பிரிக்கச் சந்தைக்காகச் செய்தார்கள். பாவா கோரின் வாடிக்கையாளர்களை அப்படித்தான் பங்குபோட்டார்கள். மார்பு அழுந்த ஈரக்கல்லின்மேல் கிடந்த அந்தத் தேய்ப்பாளர்களும் காசநோய்க்கும் கல்தூசி நோய்க்கும் பேர்போனவர்கள்.

வீட்டு உருளைக்குத் தேவைப்பட்டவை இரண்டு: மலிவான சிறு மின்மோட்டாரும், மலிவான தேய்ப்புத்தூளும். இரண்டாவதை 1891இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் தற்செயலாகக் கண்டடைந்தார். களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது குருந்தத்தைவிடக் கடினமான பளிச்சிடும் படிகங்கள் விளைந்தன. கரியும் குருந்தமும் சேர்ந்தது என்றெண்ணி அவர் வைத்த பெயர் கார்போரண்டம். பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது நம் குருந்தம்தான், பொருளில் அது துளியும் இல்லை. அது சிலிக்கன் கார்பைடு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கல் சேகரிப்பது ஒரு பெருவழக்கமாயிற்று. காரும் விடுமுறையும் பாலைவனமும் இருந்தன. 1947இல் 'லேப்பிடரி ஜர்னல்' என்ற இதழே தொடங்கியது. விற்பனைக்கு வந்த உருளைகளை வாங்காமல் தாமே செய்துகொள்வதில் ஒரு சாராருக்குத் தனிப்பெருமை. பெயிண்ட் டப்பா, பழைய டயர், துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய மோட்டார் ஆகியவை அவர்களுடைய மூலப்பொருட்கள்.

செய்முறை எளிது. இணையான இரண்டு இரும்புத் தண்டுகள் பேரிங்குகளில் சுழலவேண்டும். வழுக்காதிருக்க அவற்றின்மேல் ரப்பர் குழாயைச் செருகவேண்டும். ஒரு தண்டை மட்டும் பெல்ட்டால் மோட்டாருடன் இணைக்கிறார்கள். மற்றது சும்மா தாங்கும். இரண்டின்மேலும் உருளை கிடந்து சுழலும். எல்லாருக்கும் சிக்கல் வருமிடம் வேகம். நம்மூரில் கிடைக்கும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று சுழலும். இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு வேண்டியது ஏறத்தாழ நாற்பது. மோட்டாரில் ஐந்து சென்டிமீட்டர் கப்பியும் தண்டில் பதினெட்டு சென்டிமீட்டர் கப்பியும் போட்டால் தண்டின் வேகம் நானூறாகிறது. இரண்டு சென்டிமீட்டர் தண்டு தன்னைப்போல் பத்து மடங்கு பெரிய உருளையைச் சுழற்றும்போது அது நாற்பதாகிறது. வேகம் கூடினால் விரைவில் முடியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த அளவுள்ள உருளையில் ஏறத்தாழ தொண்ணூற்றைந்து சுற்றைத் தொட்டால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். ஒன்றையொன்று தேய்க்காது. அதற்குச் சற்றுக் குறைவான வேகத்தில் உச்சியிலிருந்து விழுந்து உடையும். வேண்டியது ஒரு சரிவு, மணல்மேட்டில் மேல்மண் நழுவுவதைப்போல.

மூன்றில் இரண்டு பங்கு கல், மேற்கல்லின் தலை தெரியுமளவு நீர், கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டித் தூள். கரடுமுரடான தூளில் ஒரு வாரம் அல்லது அதற்கு மேல், பிறகு அதைவிட நுண்ணியது, பிறகு அதனினும் நுண்ணியது, இறுதியில் சீரியம் ஆக்சைடு போன்ற மெருகுத்தூள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் கல்லையும் உருளையையும் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவவேண்டும். முந்தைய கட்டத்தின் ஒரே ஒரு பருந்துகள் போதும், ஒரு மாத உழைப்பைக் கீறிவிட. கடினத்தன்மை வேறுபட்ட கற்களைச் சேர்க்கலாகாது. அகேட்டோடு சலவைக்கல்லைப் போட்டால் முடிவில் அகேட் மட்டும்தான் இருக்கும். உள்ளே வாயு சேர்வதுண்டு, ஆகவே நாளுக்கொருமுறை மூடியைத் திறக்கவேண்டும். சேற்றைச் சாக்கடையில் கொட்டினால் குழாய்க்குள் கல்லாக இறுகும்.

மொத்தம் நான்கைந்து வாரம். கம்பாத்தின் பைக்கோ பதினைந்து நாள் போதுமாயிருந்தது. பொழுதுபோக்காளர் ஆற்றில் பொறுக்கிய முரட்டுக் கல்லை அப்படியே போடுகிறார், கம்பாத்துக்காரர் வடித்துச் சாணை பிடித்து உருவம் முடிந்த மணியைப் போடுகிறார். கரட்டுத் தேய்ப்பை ஏற்கெனவே ஒரு மனிதர் தன் கையால் செய்துமுடித்திருக்கிறார். எங்கே, எப்படி என்பதில்தான் இந்த வரலாற்றின் கசப்பு இருக்கிறது.

கம்பாத்திலும் தோற்பை ஓய்ந்துவிட்டது. மின்சாரம் வந்தபின் அதன் இடத்தை மோட்டாரால் சுழலும் மர உருளைகள் பிடித்தன. எதிரெதிரே அமர்ந்திருந்த அந்த இருவருக்கும் விடுதலை. ஆனால் அதே மின்சாரம் சாணைக்கும் வந்தது. முன்பு கையால் வில்லிழுத்துச் சுழற்றிய சக்கரத்தின் இடத்தில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் எமரிச் சக்கரம் வந்தது. வீட்டுத் திண்ணையில், முற்றத்தில், குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஈரமில்லாமல், வெறுங்கையால் மணியைச் சக்கரத்தில் பிடிக்கிறார்கள். பறப்பது வெண்தூசி. முழுதும் படிகச் சிலிக்கா. அதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தங்கி அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. சிலிகோசிஸ் என்னும் இந்நோய்க்கு மருந்தில்லை. தூசியை விட்டு விலகியபின்னும் தழும்பு வளரும். காசநோய் அதன் நிழல்போல் வரும். பல வேளைகளில் காசநோய் என்று மட்டுமே எழுதப்பட்டு, உண்மையான காரணம் பதிவேட்டில் ஏறாமலே போகும்.

உருளையின் தேய்ப்பும் சக்கரத்தின் தேய்ப்பும் ஒரே வேலைதான். இரண்டிலும் உதிர்வது ஒரே கல். ஒன்றில் அது நீரில் சேறாகிறது, மற்றதில் மூச்சில் கலக்கிறது. (வீட்டில் உருளை வைத்திருப்போர் அந்தச் சேற்றைக் காயவிட்டுப் பெருக்கினால் அதுவும் இதே தூசிதான்.) தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் கைக்கருவியிலிருந்து இயந்திரத்துக்கு வந்ததை ஒரே கோடாக வரைவது வழக்கம். இங்கே அக்கோடு நடுவில் பிளக்கிறது. ஒரே மோட்டார் ஒரே தெருவில் ஒருவரின் முதுகைக் காப்பாற்றி இன்னொருவரின் நெஞ்சை அடைத்தது.

அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1980கள் முதலே கம்பாத்தின் சாணைக்காரர்களை ஆராய்ந்திருக்கிறது. பிற்பாடு, சாணை பிடிக்காமல் வெறுமனே பக்கத்து வீட்டில் வசித்தவர்களிடமும் நோயின் அறிகுறிகளைக் கண்டது. சிலிகோசிஸ் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. ஆனால் மின்விசையோடு பத்துப் பேராவது வேலை செய்யும் இடமே அச்சட்டத்தின்படி தொழிற்சாலை. திண்ணையில் கணவனும் மனைவியும் அமர்ந்து சாணை பிடிக்கும் வீடு அந்தக் கணக்கில் வராது. 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக உயர்த்தியது.

கம்பாத்து அகேட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கல் வரும் ஊர், சுடும் முறை, கொம்புச் சுத்தி, நாலாயிரம் ஆண்டு மரபு என்பவையெல்லாம் விற்பனைக்குரிய பெருமைகளாகிவிட்டன. கெனோயர் குழுவினரின் அளவீடுகளில் ஒரு மணியைச் சாணை பிடிக்க ஆகும் நேரம் நிமிடக் கணக்கில் இருக்கிறது, சிந்துவெளி பற்றிய நம் அறிவின் ஒரு பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. அந்த நிமிடங்களில் சாணைக்காரர் உள்ளிழுத்த மூச்சுக்களும் அடக்கம்.

கெஜட்டியர்காரர் 1880இல் அறையின் இரு கோடிகளில் கண்ட இருவரிடம் திரும்பிப் போகிறேன். நாள் முழுதும் ஒரே வாரை இழுத்துக்கொண்டிருந்த அவர்கள்மீது முதலில் எனக்கு இரக்கமே தோன்றியது. அப்பட்டறையில் மிகச் சலிப்பூட்டும் வேலை அவர்களுடையது. ஆனால் பை கட்டப்பட்டிருந்தது, ஈரமாக இருந்தது. அந்த வேலையில் தூசி பறக்கவில்லை.